சின்ன எஞ்சினுக்கு எவ்வளவு பெரிய விமானம்? கயிற்று விமானங்களின் கணக்கு

ஒரு சாதாரண பைக்கின் எஞ்சின் 100 சி.சி. அதை 125 துண்டாகப் போட்டால் ஒரு துண்டு 0.8 சி.சி. அந்த அளவில் ஓர் எஞ்சின் இருக்கிறது. அதையும் ஐந்தாகப் பிரித்தால் 0.16 சி.சி. அந்த அளவிலும் இருக்கிறது! இரண்டுமே கடையில் விற்ற, எரிபொருள் ஊற்றி ஓட்டக்கூடிய நிஜ எஞ்சின்கள். இவற்றை வைத்து ஒரு குட்டி விமானம் செய்யவேண்டும் என்றால் இறக்கை எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? எடை எவ்வளவு? இதைப் பற்றி எடுத்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். பள்ளிக்கூட இயற்பியல் போதும், பயப்படவேண்டாம்.

முதலில், இது ரிமோட் விமானம் இல்லை. "கன்ட்ரோல் லைன்" என்பது கயிறு கட்டிப் பறக்கவிடும் விமானம். நடுவில் ஆள் நிற்பார். கையில் ஒரு கைப்பிடி. அதன் மேல்முனையிலிருந்து ஒன்று, கீழ்முனையிலிருந்து ஒன்று என இரண்டு மெல்லிய கம்பிகள் விமானத்துக்குப் போகும். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கைப்பிடியைச் சாய்த்தால் ஒரு கம்பி இழுபடும், மற்றது தளரும். விமானத்துக்குள் பெல்கிராங்க் என்ற சிறு முக்கோணத் தகடு திரும்பி, வாலில் உள்ள எலிவேட்டரை மேலோ கீழோ அசைக்கும். அவ்வளவுதான். ரேடியோ இல்லை, பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை. நம்மூரில் இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களாக இருப்பார்கள்.

இதை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர். "யூ-கன்ட்ரோல்" என்று பெயர் வைத்து, காப்புரிமையும் வாங்கினார். 1950களில் காக்ஸ் கம்பெனி மேல் அவர் வழக்குப் போட்டபோதுதான், அதே ஓரிகனில் ஓபா செயின்ட் கிளேர் என்பவர் வாக்கருக்கு முன்பே பெல்கிராங்க் வைத்து விமானம் விட்டிருக்கிறார் என்ற விஷயம் நீதிமன்றத்துக்கு வந்தது. வாக்கர் தோற்றார். அந்தக் காக்ஸ் கம்பெனிதான் நம் கதையின் குட்டி எஞ்சின்களைச் செய்தது.

எஞ்சின்கள் மூன்று

லீராய் காக்ஸ் கலிஃபோர்னியாவில் நடத்திய கம்பெனி அது. எஞ்சின் அளவை அவர்கள் கன அங்குலத்தில் சொல்வார்கள். "பேபி பீ" என்ற .049 எஞ்சின் 0.8 சி.சி. எடை சுமார் 45-50 கிராம். பின்பக்கமே சின்ன உலோக டேங்க், அதில் 5 மில்லி அளவுக்கு எரிபொருள் பிடிக்கும். "பீ வீ" என்ற .020, 0.33 சி.சி. "டீ டீ" வரிசையில் வந்த .010, 0.16 சி.சி. எடை சுமார் 14 கிராம்தான். இரண்டு ஐந்து ரூபாய் நாணயம் எடைக்குக் கிட்டத்தட்ட வரும்.

இவற்றில் ஸ்பார்க் பிளக் கிடையாது. தலையில் ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருள். 1.5 வோல்ட் பேட்டரியால் அதைச் சூடாக்கிக் கிளப்பினால், பிறகு எஞ்சின் ஓடும் சூட்டிலேயே கம்பி கனன்றுகொண்டிருக்கும். எரிபொருள் மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடவே விளக்கெண்ணெய். ஆமாம், நம்ம விளக்கெண்ணெயேதான். அந்தச் சூட்டில் உலோகத்தைக் காப்பாற்ற அது நல்ல எண்ணெய்.

முதலில் தோன்றும் கணக்கு

நன்றாகப் பறக்கும் .049 விமானம் ஒன்று கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கைப் பரப்பு 10 சதுர டெசிமீட்டர். (ஒரு சதுர டெசிமீட்டர் என்பது 10 செ.மீ.க்கு 10 செ.மீ. கட்டம். இனிமேல் "கட்டம்" என்றே சொல்கிறேன்.) எடை 170 கிராம். கம்பி 10.7 மீட்டர், அதாவது அமெரிக்கர்களின் வழக்கமான 35 அடி.

இப்போது .010 எஞ்சினுக்கு என்ன செய்யலாம்? எஞ்சின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு. கொள்ளளவு நீளத்தின் கனம். ஆகவே நீளங்களை எல்லாம் 5-இன் கனமூலத்தால், அதாவது 1.71-ஆல் வகுக்கவேண்டும். இறக்கைப் பரப்பு 1.71-இன் வர்க்கத்தால் குறையும்: 3.4 கட்டம். எடை ஐந்தால் குறையும்: 34 கிராம். கம்பி 6.3 மீட்டர். ஒரே படத்தை ஜெராக்ஸ் மிஷினில் சுருக்கி எடுத்த மாதிரி.

இது பறக்குமா? காகிதத்தில் பிரமாதமாகப் பறக்கும். அது ஏன் என்பதைப் பார்த்துவிடலாம். பிறகு காகிதத்துக்கு வெளியே எங்கே இடிக்கிறது என்று பார்க்கலாம்.

வேகத்துக்குச் சம்பந்தமில்லாத வட்டம்

கயிற்று விமானத்தின் சுவாரசியமே குட்டிக்கரணம் போடுவதில்தான். செங்குத்தாக ஒரு வட்டம், அதாவது லூப். அந்த வட்டத்தின் ஆரம் எவ்வளவு?

வட்டத்தில் திரும்ப விமானத்துக்கு ஒரு விசை வேண்டும்: எடைப்பொருள் × வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம். அந்த விசையை இறக்கைதான் தூக்கு விசையாகக் கொடுக்கிறது. அதுவும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு பக்கமும் வேகத்தின் வர்க்கம் இருப்பதால் அடித்துவிடலாம். மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: விமான எடையை இறக்கைப் பரப்பால் வகுத்தால் வருவது (இதை இறக்கைச் சுமை என்பார்கள்), இறக்கையின் தூக்குத் திறன், காற்றின் அடர்த்தி.

அதாவது, புவியீர்ப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்தால், லூப் எவ்வளவு சிறிதாக வரும் என்பதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை! "பவர் பத்தலை, அதான் லூப் பெருசா வருது" என்று சொல்வது பாதிதான் உண்மை. எடை கூடிப்போனதுதான் பெரும்பாலும் காரணம்.

எண்ணாகப் பார்ப்போம். அழகான லூப் என்றால் அடியிலிருந்து உச்சி வரை 45 பாகைக்குள் அடங்கவேண்டும். 10.7 மீட்டர் கம்பியில் அது 4.1 மீட்டர் ஆரம். இறக்கையின் தூக்குக் கெழு 0.8 என்று வைத்தால், இறக்கைச் சுமை கட்டத்துக்கு 20 கிராமுக்குள் இருக்கவேண்டும். நம் விமானம் 170 கிராம், 10 கட்டம். 17 கிராம்தான் வருகிறது. பாஸ்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது: கம்பி பாதியானால், இறக்கைச் சுமையும் பாதியாகவேண்டும். ஜெராக்ஸ் விமானம் இதைத் தானாகவே நிறைவேற்றுகிறது. 34 கிராமை 3.4 கட்டத்தால் வகுத்தால் 10. கம்பியும் சுமையும் ஒரே 1.71-ஆல் குறைந்திருக்கின்றன. அதனால்தான் காகிதத்தில் பிரமாதம்.

சுருங்க மறுக்கும் நான்கு

சிக்கல் எங்கே என்றால், சில விஷயங்கள் ஜெராக்ஸ் மிஷினுக்குள் போக மறுக்கின்றன.

*ஒன்று, எடை.* .049 எஞ்சின் 48 கிராம் என்றால் .010 எஞ்சின் ஐந்தில் ஒரு பங்காக 10 கிராமுக்குள் இருக்கவேண்டும். இருப்பது 14 கிராம். பசை, பெயின்ட், பெல்கிராங்க் திருகு, தள்ளுகம்பி எதுவுமே ஐந்தில் ஒரு பங்காகாது. பெரிய விமானத்தில் ஒரு சொட்டுப் பசையை யாரும் எண்ணுவதில்லை. 34 கிராம் விமானத்தில் ஒரு கிராம் என்பது 3 சதவீதம்.

*இரண்டு, காற்று.* விமானத்தைச் சுருக்கலாம், காற்றின் பிசுபிசுப்பைச் சுருக்க முடியாது. இதை அளக்கும் எண்தான் ரெனால்ட்ஸ் எண். வேகத்தையும் இறக்கையின் அகலத்தையும் பெருக்கி, பிசுபிசுப்பால் வகுப்பது. நம் .049 விமானத்துக்கு அது சுமார் 1,75,000. .010-க்கு அதில் பாதிகூடத் தேறாது. எண் குறையக் குறையக் காற்று இறக்கையை ஒட்டிப் போகாமல் சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். தடித்த, அழகான இறக்கை வடிவங்கள் இங்கே ஏமாற்றும். மெல்லிய பால்சாத் தகடே இறக்கையாகப் போதும் என்பது சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான முடிவு. ஆனால் அதன் தூக்குக் கெழுவை 0.8 என்று எடுக்கக்கூடாது. 0.6 என்று எடுப்பது பாதுகாப்பு.

*மூன்று, கம்பி.* இதுதான் பலர் யோசிக்காத இடம். கம்பியும் காற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகிறது. கைப்பக்கம் அதன் வேகம் பூஜ்யம், விமானத்தின் பக்கம் முழு வேகம். கைக்கு அருகில் இருக்கும் பகுதிக்கு நெம்புகோல் பலமும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டினால், முழுக் கம்பியும் முழு வேகத்தில் போனால் வரும் இழுவையில் கால் பங்கு விமானத்தின் மேல் விழும். கால் பங்குதானே என்று நினைக்கவேண்டாம். 0.3 மி.மீ. கம்பி இரண்டு, 10.7 மீட்டர் நீளம்: இழுவைப் பரப்பு சுமார் 18 சதுர செ.மீ. 10 கட்ட விமானம் மொத்தத்துக்கும் 40 என்று எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கே சரியாகத் தெரியாத இரண்டு கம்பிகள் விமானத்தில் கிட்டத்தட்டப் பாதி இழுவையைத் தருகின்றன! கம்பியை 0.2 மி.மீ. ஆக்கினால் அது 12 ஆகிறது.

*நான்கு, ஆள்.* நடுவில் நின்று சுற்றுகிறவரைச் சுருக்க முடியாது. கம்பி குட்டையானால் சுற்று வேகமாகும். இரண்டரை விநாடிக்கு ஒரு சுற்று என்று போனால் தலை கிறுகிறுக்கும். விமானத்தைப் பார்ப்பதா, கீழே விழாமல் நிற்பதா என்று ஆகிவிடும். கம்பியை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாததற்கு இதுவும் காரணம்.

கயிறு தளர்ந்தால் கதை முடிந்தது

இந்த விமானங்களில் கட்டுப்பாடு என்பது கம்பியின் இறுக்கம்தான். கம்பி தொய்ந்த நொடியில் நீங்கள் வெறும் பார்வையாளர். விமானம் எங்கே வேண்டுமானாலும் போகும், பெரும்பாலும் தரைக்கு.

இறுக்கத்தைத் தருவது வட்டச் சுழற்சி. வேகத்தின் வர்க்கத்தைக் கம்பி நீளத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால், இறுக்கம் விமான எடையைப் போல எத்தனை மடங்கு என்று கிடைக்கும். தலைக்கு மேலே விமானம் போகும்போது அதில் ஒரு மடங்கைப் புவியீர்ப்பு தின்றுவிடும். ஆகவே 1 என்பது மரணக் கோடு. 3 இருந்தால் நிம்மதி.

இப்போது .049-க்குப் போட்டுப் பார்க்கலாம். எஞ்சின் சுமார் 37 வாட் தருகிறது, புரொப்பெல்லர் அதில் பாதியை உந்து சக்தியாக மாற்றுகிறது என்று எடுத்தால் 19 வாட். 0.2 மி.மீ. கம்பியோடு மொத்த இழுவைப் பரப்பு 52 சதுர செ.மீ. கிடைக்கும் வேகம் விநாடிக்கு 18 மீட்டர், மணிக்கு 65 கி.மீ. ஒரு சுற்று 3.7 விநாடி. இறுக்கம் எடையைப் போல 3.1 மடங்கு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஜம்மென்று இருக்கும்.

இந்த வேகம் நம்பத்தக்கதா என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது. 5×3 புரொப்பெல்லர் என்றால் ஒரு சுற்றுக்கு 3 அங்குலம் முன்னேறும் முறுக்கு. நிமிடத்துக்கு 15,000 சுற்று என்றால் விநாடிக்கு 19 மீட்டர். விமானம் அதைத் தாண்டுவது கடினம். 18 என்பது அதற்குள் அடங்குகிறது. இரண்டு வேறு வழியில் வந்த எண்கள் ஒட்டிப்போனால் மனசுக்கு ஒரு தெம்பு.

.010-க்கு இரண்டு விமானங்கள்

.010-க்கு மேலே சொன்ன நான்கையும் சேர்த்துப் போடுவோம். எடை 34-இல் நிற்காது, 40 என்று வைப்போம். இறக்கை 5 கட்டம். எஞ்சின் சக்தி கொள்ளளவு விகிதப்படி சுமார் 7.5 வாட். குட்டிப் புரொப்பெல்லரின் திறன் குறைவு என்பதால் அதில் 40 சதவீதம், 3 வாட் என்று எடுக்கலாம்.

முதல் விமானத்தில், பெட்டியில் கிடக்கும் பழைய 0.3 மி.மீ., 10.7 மீட்டர் எஃகுக் கம்பியையே மாட்டுகிறோம். விமானத்தின் இழுவை 25, கம்பியினுடையது 18. வேகம் விநாடிக்கு 10.4 மீட்டர். இறுக்கம் 1.04 மடங்கு. மரணக் கோட்டின் மேலேயே நிற்கிறோம். போதாததற்கு அந்தக் கம்பிகளே பத்து கிராம் அளவுக்கு எடை இருக்கும், விமானத்தில் கால் பங்கு! தாழ்வாகச் சுற்றும், அவ்வளவுதான். கொஞ்சம் மேலே ஏற்றினால் கம்பி தொய்ந்துவிடும்.

இரண்டாவதில், 5 மீட்டர் நீளத்துக்கு 0.15 மி.மீ. பின்னல் நூல். கம்பியின் இழுவை 18-இலிருந்து 4 ஆகிறது. வேகம் 11.9 மீட்டர். இறுக்கம் 2.9 மடங்கு. சுற்று 2.6 விநாடி, தலைசுற்றலின் வாசல்படி, ஆனால் தாங்கலாம். புரொப்பெல்லர் சோதனையும் செய்யலாம்: 3×1.25, நிமிடத்துக்கு 25,000 சுற்று என்றால் 13.2 மீட்டர். அதற்குள் அடங்குகிறது.

லூப்? இறக்கைச் சுமை 8 கிராம். தகடு இறக்கைக்குக் கெழு 0.6. ஆரம் 2.2 மீட்டர், 52 பாகை உயரம். 45-க்குள் அடங்கவில்லை, ஆனால் லூப் லூப்தான்.

ஒரே எஞ்சின், ஒரே இறக்கை. கம்பியை மாற்றியதில் பறக்காத விமானம் பறக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐந்தில் ஒரு பங்கு எஞ்சினுக்கு இறக்கை ஐந்தில் ஒரு பங்கும் ஆகவில்லை, ஜெராக்ஸ் சொன்ன மூன்றில் ஒரு பங்கும் ஆகவில்லை. சரிபாதி. அதாவது சுமார் 47 செ.மீ. நீளம், 10.5 செ.மீ. அகலம். அமெரிக்காவில் சயின்டிஃபிக் என்ற கம்பெனி .049 எஞ்சினுக்கு விற்ற கிட் விமானங்கள் பலவற்றின் இறக்கை நீளம் 18 அங்குலம், 46 செ.மீ.தான். அவை வேகமாகச் சீறிக்கொண்டு சுற்றுவதற்கு. அதே அளவு இறக்கையை .010-க்குப் போட்டு, எடையை மட்டும் 40 கிராமுக்குள் வைத்தால் அது குட்டிக்கரணம் போடும். சின்ன எஞ்சினுக்குச் சின்ன விமானம் தேவையில்லை, லேசான விமானம் தேவை.

நாற்பது கிராமை எப்படிச் செலவழிப்பது

- எஞ்சின்: 14
- இறக்கை, 1.6 மி.மீ. லேசான பால்சா: 8
- உடல்: 5
- வால் பகுதிகள்: 2
- பெல்கிராங்க், தள்ளுகம்பி, இறக்கை வழியே வரும் கம்பிகள்: 3
- டேங்க், எரிபொருள்: 4
- பசை, பூச்சு: 4

சக்கரம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கையால் விடுவதுதான். பூச்சையும் விட முடியாது, ஏனென்றால் எரிபொருள் மரத்துக்குள் ஊறினால் எடை கூடும், பசையும் போகும். பால்சா வாங்கும்போது தராசை எடுத்துப்போங்கள். ஒரே கட்டில் இருக்கும் இரண்டு பலகைகளில் ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்கு எடை இருக்கும். இறக்கைக்கு லேசானது, எஞ்சின் பிடிக்கும் இடத்துக்கு உறுதியானது.

முடிவு செய்யவேண்டிய வரிசை

பலரும் அழகான படத்தைப் பார்த்து, இறக்கையிலிருந்து தொடங்குகிறார்கள். கணக்கு சொல்லும் வரிசை வேறு.

1. எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்து எட்டக்கூடிய வேகம் என்ன?
2. அந்த வேகத்தில் இறுக்கம் 3 மடங்கு வர, கம்பி எவ்வளவு நீளம்? சுற்று இரண்டரை விநாடிக்குக் கீழே போகிறதா?
3. அந்த நீளத்துக்குத் தாங்கக்கூடிய மிக மெல்லிய கம்பி எது?
4. அந்தக் கம்பிக்கு லூப் அடங்க, இறக்கைச் சுமை எவ்வளவு?
5. எஞ்சின் எடையிலிருந்து தொடங்கி நேர்மையாகக் கூட்டினால் வரும் மொத்த எடை என்ன?
6. எடையைச் சுமையால் வகுத்தால் இறக்கைப் பரப்பு. கடைசியில்தான் படம்.

இறக்கை பெரிதானால் இழுவை கூடி வேகம் குறையும். அதனால் ஒருமுறை போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டுப் பார்க்கவேண்டும். இரண்டாவது சுற்றிலேயே எண்கள் படிந்துவிடும்.

சின்னதில் மட்டும் கவனிக்கவேண்டியவை

இறுக்கம் நூறு கிராம் சொச்சம்தான் என்பதால், அந்த நூறு கிராமே எலிவேட்டரையும் அசைக்கவேண்டும். கீல் கொஞ்சம் இறுகினாலும் கட்டுப்பாடு செத்துவிடும். துணியையோ நூலையோ கீலாக வைத்து, தன் எடையிலேயே தொங்குமாறு லூசாக விடவேண்டும். பெல்கிராங்கை மட்டும் சுருக்காதீர்கள். கை நீளமாக இருந்தால்தான் சிறு இழுப்பும் போதிய திருப்பு விசையாகும்.

மீன்பிடி நைலான் நரம்பு வேண்டாம். அது ரப்பர் மாதிரி நீளும். நீங்கள் கைப்பிடியைச் சாய்ப்பதை நரம்பே விழுங்கிவிடும். பின்னல் நூல் நீளாது.

எடை மையம் இறக்கை அகலத்தில் முன்பக்கம் நாலில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கம்பிகள் வெளியே வரும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால். வெளிப்பக்க இறக்கை நுனியில் கம்பிகளின் எடையைச் சமன்செய்யச் சின்ன எடை. .049 விமானங்களுக்கு அமெரிக்கர்கள் ஒரு சென்ட் நாணயத்தை ஒட்டிவிடுவார்கள். .010-க்கு அதுவே அதிகம்.

காற்று வீசும் நாளில் விடவேண்டாம். 12 மீட்டர் வேக விமானத்துக்கு 5 மீட்டர் காற்று என்றால், ஒரு பக்கம் 17, மறுபக்கம் 7. எப்போதும் காற்று அடிக்கும் திசைப் பக்கமாகவே, அதாவது காற்று விமானத்தை உங்களிடமிருந்து வெளியே தள்ளும் பக்கத்திலேயே மேலே ஏற்றவேண்டும். அங்கேதான் கம்பி இறுகி இருக்கும்.

கடைசியாக, கணக்கைவிட முக்கியமான ஒன்று. மின்கம்பி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இதை விடாதீர்கள். எஃகுக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், அதன் மறுமுனை பத்து மீட்டர் உயரத்தில் பறக்கிறது. பனியிலோ மழையிலோ நனைந்த நூலும் மின்சாரத்தைக் கடத்தும். புரொப்பெல்லர் மூன்று அங்குலம்தானே என்று விரலைக் கொண்டுபோகவும் கூடாது. நிமிடத்துக்கு 25,000 சுற்று.

மேலே உள்ள வாட், கெழு எல்லாம் கணக்குக்காக எடுத்த தோராய எண்கள். உங்கள் எஞ்சினுக்கு வேறாக இருக்கும். எண்களை மாற்றுங்கள், வரிசையை மாற்றவேண்டாம். தராசும் ஸ்டாப்வாட்சும் இருந்தால் போதும்: பத்து சுற்று எத்தனை விநாடி என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். வேகம் தெரிந்தால் மிச்சம் எல்லாம் பின்னால் வரும்.